உப்பு நிற்காத நிலத்துக்கு ஒரு சிபாரிசு

கடன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்பெனிகளுக்குக் கடன் கொடுப்பதற்கு முன் நிரப்பும் படிவத்தில் இயற்கை சார்ந்த அபாயங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறதல்லவா? வெள்ளம், புயல், கடல்நீர் உள்ளே புகுவது, நிலத்தடி நீர் என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். நீங்கள் எதைப் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பகுதி எங்கள் வங்கிக்கு வந்த புதிதில், எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'குறைவு' என்று போட்டவள் நான். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸ் இருந்தும் போட்டேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. 'அதிகம்' என்று போட்டால் கூடுதலாக நான்கு பக்கம் எழுத வேண்டும். 'நடுத்தரம்' என்று போட்டால் மேலே இருந்து கேள்வி வரும். 'குறைவு' என்று போட்டால் ஒருவரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மூன்று மணிக்கு ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். நானும் அப்படித்தான் போனேன்.

அப்போது நான் புதுச்சேரி மண்டல அலுவலகத்தில் கடன் ஆய்வு அதிகாரி. ஓய்வு பெற இரண்டே வருஷம் இருந்தது. மரக்காணத்திலிருந்து தனசேகர் என்பவர் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். மூன்று தலைமுறையாக உப்பளம் வைத்திருக்கும் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் உப்பை வாரி அப்படியே லாரிக்காரர்களிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் மேல்படிப்பு படித்துவிட்டு வந்தவர். உப்பைக் கழுவி, உலர்த்தி, அயோடின் சேர்த்து, பாக்கெட் போட்டு விற்க ஒரு கம்பெனியைப் பதிவு செய்திருந்தார். அதற்கான ஆலை கட்டத்தான் கடன். அடமானமாகத் தன் அம்மா, மனைவி, இரண்டு பெண்களோடு குடியிருக்கும் சொந்த வீட்டைக் கொடுத்திருந்தார். அவருக்கு வேறு வீடு கிடையாது.

திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. உப்பளத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் வேலையே இருக்காது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அங்கே வேலை செய்யும் பெண்கள் கிடைத்த கூலிக்கு எங்கேயாவது அலைய வேண்டியதுதான். இந்த ஆலை வந்தால் முப்பது பெண்களுக்கு மழையிலும் வேலை இருக்கும் என்று தனசேகர் சொன்னார். அதை என் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கொஞ்சம் பெருமையோடு எழுதினேன்.

இடத்தைப் பார்க்கப் போனது மார்ச் மாதம். மார்ச் வந்தால் வங்கிக்காரர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிவார்கள் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வருஷம் முழுக்கத் தூங்கிய விண்ணப்பங்கள் எல்லாம் அந்த ஒரு மாதத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே நாளில் மூன்று இடம் பார்க்க வேண்டியிருந்தது. மரக்காணம் இரண்டாவது.

உப்பளத்தை ஒட்டி நான்கு ஏக்கர். கிரிக்கெட் ஆடலாம், அவ்வளவு மட்டமான நிலம். ஒரு புதர் இல்லை, முள் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே வர நல்ல வழி. வெயிலில் கண் கூசியது. பாத்திகளில் வெள்ளை வெளேரென்று உப்பு. இங்கே வெள்ளம் கிள்ளம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தனசேகரைக் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொண்டேன், சாலையோர மெஸ்ஸில் வஞ்சிர வறுவலோடு சாப்பிட்டேன், மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் படிவத்தில் 'குறைவு'.

கடன் மஞ்சூரானது. ஒப்புதல் உத்தரவில் வழக்கமான நிபந்தனைதான். அவர் முதலில் தன் பங்கைப் போட்டு அஸ்திவாரத்தை ஆரம்பிக்க வேண்டும், அதை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு இயந்திரத்துக்கான பணத்தை நேரே தயாரிப்பாளருக்கு அனுப்புவோம். செப்டம்பர் கடைசிக்குள் முதல் தவணை போகாவிட்டால் உத்தரவு காலாவதி ஆகிவிடும். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வாங்கவே அவருக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. அதனால் இரண்டாவது தடவை நான் அங்கே போனபோது செப்டம்பர் பாதி ஆகியிருந்தது.

அஸ்திவாரக் குழிகள் தோண்டி, தூண்களுக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். பார்க்க வேண்டியது அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை. தனசேகர் சிமெண்ட் விஷயமாகத் திண்டிவனம் போயிருந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பும்போது, பெண்கள் வரிசையாக உப்புச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்தேன். மழைக்கு முந்தின கடைசி உப்பு. பாத்தியில் வாரியதைக் கூடையில் எடுத்து, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு, நம் ஆலை வரப்போகும் நிலத்தின் குறுக்கே நடந்து, அதைத் தாண்டி, ரொம்ப தூரத்தில் சாலையை ஒட்டியிருந்த ஒரு குறுகலான மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே ஏற்கெனவே குவியல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சிலவற்றுக்குக் கீற்று வேய்ந்து முடித்திருந்தார்கள். அந்த வெயிலில் குடையோடு நடப்பதற்கே எனக்கு எரிச்சலாக இருந்தது. இவர்கள் எதற்கு இப்படி வீணாக நடக்கிறார்கள் என்று தோன்றியது.

வரிசையில் கடைசியாக வந்தவர் பெயர் பிலோமினா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் சுமக்கிறீர்கள், இங்கே கொட்டினால் முதலாளி ஏதாவது சொல்வாரா என்று அவரைக் கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. இங்க கொட்டினா உப்பு நிக்காது மேடம்."

ஏன் நிற்காது என்றேன்.

"மழை வந்துச்சுன்னா கழுவெளி ஏரித் தண்ணி இந்த வழியாத்தான் கடலுக்குப் போவும். நான் வாக்கப்பட்டு வந்து இருவது வருஷம் ஆவுது, ஒருத்தரும் இங்க ஒரு கூடை உப்பு வெச்சு நான் பாத்ததில்ல."

எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்டேன். ஒரு கையால் தலைச்சுமையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் வைத்துக் காட்டினார். பிறகு நடந்துவிட்டார். தலையில் உப்போடு நின்று எனக்கு விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

நான் அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகுதான் கண் திறந்தது. அந்த நிலத்தில் ஏன் ஒரு புதர்கூட இல்லை என்று புரிந்தது. சாலையோர டிரான்ஸ்பார்மரை ஏன் ஆள் உயரத்துக்கு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. காய்ந்து கிடக்கும் ஒரு வழிக்கு அடியில் எதற்கு நான்கு கண் வைத்த மதகு? இதெல்லாம் மார்ச்சிலும் அங்கேயே இருந்தவைதான். நான் புகைப்படமே எடுத்திருக்கிறேன். என் ஃபைலில் என் கையெழுத்தோடு இருக்கின்றன.

திரும்பி வரும் வழியில் காரில் என்ன நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அப்படி ஒரு பயணம் வரும். கூனிமேடு வரைக்கும், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்சூரன்ஸ் இருக்கிறது. உப்புச் சுமக்கும் ஒரு அம்மா போகிற போக்கில் சொன்னதை வைத்து மஞ்சூரான கடனை நிறுத்த முடியுமா? நிறுத்தினால் மார்ச்சில் நீ என்ன பார்த்தாய் என்ற கேள்வி வரும். இன்னும் ஒன்றரை வருஷம்தான், பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விடலாம். காலாப்பட்டு தாண்டும்போது தனசேகரின் வீடு நினைவுக்கு வந்தது. அடமானத்துக்காகப் போய்ப் பார்த்தபோது அவருடைய சின்னப் பெண் எனக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஆலை தண்ணீரில் போனால் நாங்கள் முதலில் எடுத்துக்கொள்ளப்போவது அந்த வீட்டைத்தான். கோட்டக்குப்பம் வந்தபோது, நேரே அலுவலகத்துக்கு விடச் சொன்னேன்.

எங்கள் மண்டல மேலாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கோபக்காரர். ஃபைலைத் தூக்கி எறிவார் என்று ஒரு பெயர் உண்டு. நேரே அவர் அறைக்குப் போய், வெள்ள அபாயம் குறைவு என்று நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். எந்தப் பக்கமிருந்து வரும் என்றார். சரியாகத் தெரியாது என்றேன்.

"சரி. தனசேகர் அஞ்சடி மண்ணைக் கொட்டித் தரையைத் தூக்கிடறாருன்னு வைங்க. அந்தத் தண்ணி அப்புறம் யார் வீட்டுக்குள்ள போவும்?"

அதுவும் தெரியாது. மூன்று கேள்விக்கும் நான் தலை குனிந்தேன். தெரிந்துகொண்டு வாருங்கள், அதுவரைக்கும் இயந்திரத்துக்குப் பணம் போகாது என்றார். 'குறைவு' என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வரும், அதற்கும் பதில் எழுதிவிடுங்கள் என்றார். ஃபைலை எறியவில்லை. மெமோ என்றதும் எனக்குக் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் வெளியே வந்து படியில் இறங்கும்போது, மரக்காணத்தில் பிடித்த மூச்சை அப்போதுதான் விட்டதுபோல் இருந்தது. தப்பைச் சொல்லியாகிவிட்டது, இனி அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காகவாவது சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலையில் தனசேகரோடு அதே இடத்தில் நின்றேன். மழையில் இங்கே இடுப்பளவு தண்ணீர் வருமாமே என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"வரத்தாங்க செய்யும். வருஷா வருஷம் வரும். பாத்தி அத்தினியும் முழுவிடும், தை மாசம் வடிஞ்சதும் வரப்பைக் கட்டிக்கினு மறுபடி ஆரம்பிப்போம். எங்க அப்பா, தாத்தா எல்லாம் அப்படித்தான். இதைப் போய் ஒரு சேதம்னு யாராவது சொல்லுவாங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று சொன்னேனே, அது இதுதான். உப்பளக்காரர்களின் முதலீடு எல்லாம் மண். தண்ணீர் வந்து வரப்பைக் கரைத்தால், வடிந்ததும் அதே மண்ணை வெட்டிப் போட்டு மிதித்துக் கட்டிவிடுவார்கள். அவர்களுக்கு அது காலண்டரில் ஒரு பக்கம், அவ்வளவுதான். மூன்று தலைமுறையாக அப்படியே பார்த்துப் பழகியவர், அந்தப் பழக்கத்தோடேயே ஆலைக்கும் அஸ்திவாரம் தோண்டிவிட்டார். நானோ உப்பளத்தை வாழ்நாளில் மழையில் பார்த்ததில்லை. தெரிந்தவர் அதை ஆபத்து என்று நினைக்கவில்லை. ஆபத்தைப் பற்றி எழுத வேண்டியவளுக்கு அது தெரியவில்லை. நடுவில் ஒரு படிவம், எல்லாக் கட்டமும் நிரம்பி, அழகாக.

வரப்பு கரைந்தால் மண்ணை அள்ளிப் போடுவீர்கள், உலர்த்தும் இயந்திரத்தின் மோட்டாரில் உப்புத்தண்ணீர் புகுந்தால் எதை அள்ளிப் போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் அஸ்திவாரக் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு, தரையை ஐந்தடி தூக்கிவிடலாம் என்றார். மண்டல மேலாளரின் மூன்றாவது கேள்வியை அப்படியே அவரிடம் கேட்டேன். அவர் திரும்பி, தண்ணீர் வரும் மேற்குப் பக்கத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஓடும் கால்வாயைத் தாண்டி உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் காலனி. அந்தப் பெண்களின் வீடுகள்.

அதன் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அப்போ மார்ச்ல வந்து நின்னுக்கினு இடம் சூப்பரா இருக்குதுன்னு ஏன் மேடம் சொன்னீங்க?"

தப்பு என்னுடையதுதான் என்றேன். ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொன்னது என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. அவர் அதை ஒரு மன்னிப்பாக எடுத்துக்கொள்ளும் மனநிலையில் இல்லை. வேறு வங்கிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். செப்டம்பர் முடிந்தது, உத்தரவு காலாவதி ஆனது. அவர் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அக்டோபரில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, மரக்காணம் பேருந்து நிலையத்தில் பிலோமினாவைப் பார்த்தேன். புதுச்சேரிக்குக் கட்டட வேலை கேட்டுப் போகப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவரே கிட்டே வந்தார்.

"நான் வாயைத் தொறந்ததாலதான் கம்பெனி நின்னு போச்சாங்க மேடம்? எல்லாரும் என்னியத்தான் பேசறாங்க."

ஆலையில் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்த முப்பது பேரில் அவரும் ஒருவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உங்களால் இல்லை, நான் முதலிலேயே ஒழுங்காகப் பார்க்காததால்தான் என்றேன். அது அவருக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை. யாரால் நின்றாலும் அவருக்கு வேலை இல்லைதானே? பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அபாயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அதுவரை எனக்குள் கொஞ்சம் பெருமை ஓடிக்கொண்டிருந்தது. அது அந்த பஸ்ஸோடு போய்விட்டது. கடன் வேண்டாம் என்று எழுதுவது நம் வேலையில் பாதிகூட இல்லை, தம்பிகளே, தங்கைகளே. எங்கே, எப்படி என்றால் கொடுக்கலாம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நான் அதைச் செய்யாமல் கோபித்துக்கொண்டு போனவருக்குப் போன் போட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் தனசேகரிடமிருந்து போன். ஒரு தடவை வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு வங்கியில் கடன் வாங்கி இயந்திரத்தை இறக்கிவிட்டாரோ, எல்லாம் போய்விட்டதோ என்று வழி முழுக்க எனக்குப் பயம். டிரைவரிடம் இரண்டு தடவை தேவையில்லாமல் எரிந்து விழுந்தேன்.

சாலையோரத்தில், நான்கு கண் மதகுக்குப் பக்கத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையோடு நின்றார். நான் இறங்கிப் பார்த்தேன். உப்பளம் இல்லை. பாத்தி, வரப்பு, வழி, எதுவும் இல்லை. சாலையிலிருந்து கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர், அதுவும் நிற்கிற தண்ணீர் இல்லை, கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஆலைக்கு நட்ட கம்பிகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மேட்டில் கீற்று வேய்ந்த உப்புக் குவியல்கள் காலில் ஈரம் படாமல் நின்றன.

தனசேகர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே இன்னொரு வங்கியின் கடன் உத்தரவு. இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்ததாம். அவர்களும் வெயிலில்தான் வந்து பார்த்திருந்தார்கள். இயந்திரம் போன வாரம் லாரி ஏறியிருக்க வேண்டியது.

"நானே போன் பண்ணி நிறுத்திட்டேன் மேடம். நீங்க கேட்டீங்களே, தரையைத் தூக்கினா தண்ணி எங்க போவும்னு. அதை நெனைச்சுக்கினே இருந்தேன். இப்பப் பாருங்க, இத்தினியும் காலனிக்குள்ள பூந்திருக்கும்."

எனக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. இயந்திரம் வரவில்லை, வீட்டுப் பத்திரம் யாரிடமும் சிக்கவில்லை, காலனி தப்பித்தது. அந்தக் கம்பி நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று அடித்து என் குடை மடங்கிப் பூப்போல விரிந்துகொண்டது. அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நடுச்சாலையில், கொட்டுகிற மழையில், ஒரு கடனாளி ஆகாதவரும் கடன் கொடுக்காதவளும் நின்றுகொண்டு பைத்தியம் மாதிரி சிரித்ததை டிரைவர் பிறகு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

வேறு இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சாலைக்கு மேற்கே, மேட்டில், குடும்பத்துக்குச் சவுக்குத் தோப்பு ஒன்று இருக்கிறது, மனை போட்டு விற்கலாம் என்று வைத்திருக்கிறேன் என்றார். மழை விட்டதும் பார்க்கலாமா என்றார். இல்லை, இப்போதே பார்ப்போம் என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தோம். மணல் கலந்த மண், தண்ணீர் வடிந்து போய்க்கொண்டே இருந்தது, எங்கேயும் தேங்கவில்லை. பக்கத்து நிலத்தில் மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயியைக் கூப்பிட்டு எந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் வந்தது, கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெள்ளம் பரவாயில்லை, கிணறுதான் வர வர உவர்க்கிறது என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டேன்.

இந்தத் தடவை அறிக்கை எழுத ஒரு வாரம் ஆனது. வெள்ளத்துக்கு 'நடுத்தரம்', புயலுக்கு 'அதிகம்', நிலத்தடி நீருக்கும் 'அதிகம்'. நான் பயந்த நான்கு பக்கமும் எழுதினேன். காற்றுக்குத் தாங்குகிற கூரை போட வேண்டும், உப்பைக் கழுவ ஆழ்குழாய்த் தண்ணீரை எடுக்கக் கூடாது, உப்பளத்தின் உப்புநீரிலேயே கழுவ வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தேன். உப்பை லாரியில் தோப்புக்குக் கொண்டுவரும் செலவு கூடுகிறது என்று தனசேகர் முணுமுணுத்தார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்த லாரி வாடகையைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார். மேலே இருந்து கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கேள்வி வந்தால் தலைபோகிற காரியம் என்று நான் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு அபத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிப்ரவரியில் கடன் மஞ்சூரானது.

மெமோவுக்கு என் பதில் இரண்டே வரி. மார்ச் மாதத்தில் போய்ப் பார்த்தேன், நவம்பரில் போயிருக்க வேண்டும். மண்டல மேலாளர் அதன் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலோரத்திலும் ஏரியோரத்திலும் வரும் எந்த ஆலைக்கும் மழைக்காலத்தில் ஒரு தடவை பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்று. அதில் என் பெயர் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா, அவமானமாக இருந்திருக்குமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது, கடைசியாக ஒரு தடவை அந்த ஆலைக்குப் போனேன். வேண்டுமென்றே கார்த்திகையில், நல்ல மழையில் போனேன். கிழக்கே உப்பளம் முழுக்கத் தண்ணீர். மேற்கே சவுக்கு மேட்டில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கிடங்கில் கூரை வரைக்கும் உப்பு. உள்ளே பெண்கள் தலையில் வலை மாட்டிக்கொண்டு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிலோமினா இரண்டாவது மேஜையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வரவேற்பெல்லாம் இல்லை, நேரே குறைதான் சொன்னார். காலனியிலிருந்து நடக்கிற தூரம் ஜாஸ்தி ஆகிவிட்டதாம், நின்றுகொண்டே வேலை செய்வதில் முட்டி வலிக்கிறதாம், ஒரு ஸ்டூல் கேட்டு மூன்று மாதம் ஆகிறதாம். தனசேகரிடம் சொல்கிறேன் என்றேன். அன்றே சொன்னேன், அவரும் அன்றே வாங்கினார்.

பேசிக்கொண்டிருக்கும்போது மழை வலுத்தது. தகரக் கூரையில் சத்தம் அதிகமாகிப் பேச்சு கேட்கவில்லை. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் பிலோமினா என் பக்கம் குனிந்தார்.

"இத்தினி வருஷமா இந்தச் சத்தம் கேட்டா வயித்துல புளியக் கரைக்கும் மேடம். நாளைக்கு அடுப்புக்கு இன்னா வழின்னுதான் தோணும். இந்த வருஷந்தான் மழைச் சத்தம் நல்லா இருக்குதுன்னு தெரியுது."

சொல்லிவிட்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தார். நான் பக்கத்திலிருந்த உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.